கோத்தகிரியிலிருந்து டொராண்டோ: தூரமும் நேரமும் — அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகனோ மகளோ டொராண்டோவில் வேலையில் இருக்கிறார்கள். பேரக்குழந்தை பிறந்திருக்கிறது, அம்மாவும் அப்பாவும் முதல் தடவையாக விமானம் ஏறப் போகிறார்கள். கோத்தகிரி, குன்னூர், ஊட்டிப் பக்கத்தில் இது இப்போது அடிக்கடி காதில் விழுகிற செய்தி. இணையத்தில் தேடினால் கோயம்புத்தூருக்கும் டொராண்டோவுக்கும் இத்தனை கிலோமீட்டர், பறக்கும் நேரம் இத்தனை மணி என்று ஒரே வரியில் விடை வந்துவிடுகிறது. அந்த வரியை மட்டும் வைத்துத் திட்டம் போட்டால் பெரியவர்கள் படாத பாடு படுவார்கள். வீட்டு வாசலைத் தாண்டுவதிலிருந்து கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்குக்காகத்தான் இந்தக் கேள்வி பதில்கள்.

கோயம்புத்தூருக்கும் டொராண்டோவுக்கும் உண்மையில் எவ்வளவு தூரம்?

பூமிப் பரப்பின் மேல் மிகக் குறுகிய கோடு போட்டால் ஏறக்குறைய 13,500 கிலோமீட்டர். பெரிய ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் போகும். வகுத்துப் பார்த்தால் 15 மணி நேரம். இணையம் சொல்லும் 15 மணி இப்படி வந்ததுதான். அந்த நேரத்துக்குள் போய்ச் சேரும் விமானம் கோவையிலிருந்து கிடையாது. கோவையிலிருந்து டொராண்டோவுக்கு நேரடி விமானமே இல்லை.

டொராண்டோ மேற்கே இருக்கிறது. வரைபடத்தில் விமானம் ஏன் வடக்கே போவதாகக் காட்டுகிறது?

பள்ளிக்கூடத்துச் சுவர் வரைபடம் உருண்டையான பூமியைத் தட்டையாக விரித்துப் போட்டது. அதில் வடக்கே போகப் போக எல்லாம் அகலமாக இழுபட்டுத் தெரியும். ஒரு பூகோள உருண்டையை எடுத்து, கோவையில் நூலின் ஒரு முனையையும் டொராண்டோவில் மறு முனையையும் வைத்து இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் மேற்கே அரபிக்கடலுக்குள் போகாது. வடக்கிலிருந்து சற்றே மேற்குப் பக்கம் சாய்ந்து ஏறும்.

அந்த நூல் குஜராத்–ராஜஸ்தான் எல்லையைத் தொட்டு, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் தாண்டி, ஆரல் கடல் பக்கம் போய், ரஷ்யாவின் வடமேற்கைக் கடந்து, ஸ்காண்டிநேவியாவின் வட முனைக்கு மேலே ஏறும். 71 டிகிரி வட அட்சரேகைக்குக் கிட்டத்தட்ட, யான் மாயன் என்கிற பனித்தீவின் பக்கத்தில், அது உச்சத்தைத் தொடுகிறது. அதன்பிறகு கிரீன்லாந்துக்கு மேலாகச் சரிந்து கியூபெக் வழியாக டொராண்டோவில் இறங்குகிறது. பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து இதை ஒரு தடவை செய்து பார்க்கச் சொல்வேன். விமானத்தில் முன்னால் உள்ள திரையில் ஓடும் வரைபடம் அதற்குப் பிறகு பயமாக இருக்காது, சுவாரசியமாக இருக்கும்.

அந்த நேர்கோட்டில்தான் விமானங்கள் போகின்றனவா?

இல்லை. வானத்திலும் எல்லை உண்டு. உக்ரைன் போர் தொடங்கிய 2022 பிப்ரவரிக்குப் பிறகு கனடா, ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், பிரிட்டன் ஆகியவற்றின் விமான நிறுவனங்கள் ரஷ்ய வான்வெளிக்குள் போக முடியாமல் போயிற்று. 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடியது, பிறகு மாதா மாதம் அதை நீட்டித்தது. டெல்லியிலிருந்து மேற்கே போகும் இந்திய விமானங்கள் அதனால் தெற்கே அரபிக்கடல் பக்கம் சுற்ற வேண்டி வந்தது. பறக்கும் நேரமும் கூடியது, நடுவில் எரிபொருள் நிரப்ப இறங்கவும் நேர்ந்தது. 2025 ஜூன் 23 அன்று கத்தார் சில மணி நேரத்துக்குத் தன் வான்வெளியை மூடியபோது தோஹா வழியாகப் போகவிருந்தவர்கள் ஆங்காங்கே மாட்டிக்கொண்டார்கள்.

அதனால் டிக்கெட் எடுத்த நாளில் பார்த்த நேரத்தை மனப்பாடம் செய்துகொண்டு உட்காராதீர்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பும், முதல் நாளும் நேரத்தை மறுபடி பாருங்கள்.

எந்த வழி நல்லது?

என் வாக்கு அபுதாபி வழிக்கு. கோவை–அபுதாபி சுமார் 2,800 கி.மீ., அபுதாபி–டொராண்டோ சுமார் 11,100 கி.மீ. கூட்டினால் 13,900. நேர்கோட்டை விட 400 கிலோமீட்டர்தான் அதிகம். அதைவிட முக்கியம், கோவையிலேயே இமிக்ரேஷன் முடிந்துவிடும். இந்தியாவுக்குள் இன்னொரு பெரிய விமான நிலையத்தில் பெரியவர்கள் அலைய வேண்டியதில்லை. முதல் விமானம் ஏறக்குறைய நான்கு மணி நேரம், இரண்டாவது பதினான்கு மணியை ஒட்டி.

டெல்லி வழியென்றால் கோவை–டெல்லி சுமார் 1,940 கி.மீ., டெல்லி–டொராண்டோ சுமார் 11,650 கி.மீ. தூரக் கணக்கில் இதுவே மிகக் குறைவு. ஆனால் மேலே சொன்ன வான்வெளிச் சிக்கல் முழுக்க இந்த வழியின் தலையில்தான் விடிகிறது. டெல்லியில் டிசம்பர், ஜனவரி மூடுபனியும் உண்டு. நம் மலையில் மூடுபனி என்றால் வண்டி மெதுவாகப் போகும், அவ்வளவுதான். அங்கே விமானமே கிளம்பாது.

சென்னை–லண்டன்–டொராண்டோ சுமார் 13,900 கி.மீ. மேட்டுப்பாளையத்தில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்னை. இரண்டு விமானங்களில் எதுவுமே பதினான்கு மணி நேரம் நீளாது என்பதால் முட்டிவலிக்காரர்களுக்கு இது ஏற்றது. லண்டனில் விமானம் மாறுவதற்கான விசா விதியை உங்கள் பாஸ்போர்ட், கனடா விசா இரண்டையும் வைத்து முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு விமானம் இருக்கிறதே, அப்படிப் போனால்?

வேண்டாம். சிங்கப்பூர் வழி ஏறக்குறைய 18,000 கிலோமீட்டருக்கு மேல் போய்விடும்.

வீட்டிலிருந்து வீடு வரை மொத்தம் எத்தனை மணி நேரம்?

கோத்தகிரி வீட்டிலிருந்து கோவை பீளமேடு விமான நிலையம் வரை இரண்டரை முதல் மூன்று மணி. மலைப்பாதைக்காகக் கூடுதலாக ஒன்றரை மணி. வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். இரண்டு விமானமும் நடுவில் காத்திருப்புமாக 21 முதல் 26 மணி. டொராண்டோவில் இமிக்ரேஷன், பெட்டி, கார் என்று இரண்டரை மணி. ஆக முப்பதரை முதல் 36 மணி நேரம். பதினைந்து மணி நேரம் என்று சொல்லி அனுப்பப்பட்ட ஒருவருக்கு இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மருந்து, சாப்பாடு, மாற்றுத் துணி எல்லாவற்றையும் ஒன்றரை நாளுக்கு என்று கணக்குப் பண்ணிக் கைப்பையில் வையுங்கள். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எதையும் பெரிய பெட்டிக்குள் போடவே கூடாது.

விமானம் விடிகாலை 4 மணிக்கு. இரவு 9 மணிக்கு மலை இறங்கினால் போதாதா?

கணக்குக்குப் போதும். ஆனால் நான் அதைச் சொல்ல மாட்டேன். இந்தப் பயணம் முழுவதிலும் நிச்சயமில்லாத பகுதி மலையிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிற அந்தச் சாலைதான். 11,000 கிலோமீட்டர் பறக்கிற விமானம் பெரும்பாலும் சொன்ன நேரத்தை ஒட்டியே வந்து இறங்கிவிடும். கோத்தகிரி–மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டருக்கு அப்படி யாராலும் உறுதி சொல்ல முடியாது.

பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனைப் பக்கம் யானைகள் சாலைக்கு வரும். அவை நகரும் வரை நாம் நிற்க வேண்டியதுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மண் சரியும், மரம் விழும். 2009 நவம்பரில் பெய்த மழையில் மாவட்டம் முழுக்கச் சாலைகள் துண்டுபட்டுப் பல உயிர்கள் போனதை இங்கே யாரும் மறக்கவில்லை. ஏப்ரல், மே சீசனில் வேறொரு கஷ்டம். வண்டிகளை குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்குவார்கள். ஊட்டிக்கு வந்த கூட்டம் அத்தனையும் நம் சாலையில் இறங்கும். ஞாயிறு மாலை என்றால் சொல்லவே வேண்டாம்.

ஆகவே வெளிச்சம் இருக்கும்போதே மலை இறங்கிவிடுங்கள். மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கே படுத்து எழுந்து போகலாம். இல்லையென்றால் ஒரு அறை எடுங்கள். விமானத்தைத் தவறவிட்டால் ஆகும் செலவோடு பார்த்தால் அறை வாடகை பெரிய தொகை இல்லை. மேட்டுப்பாளையத்துக்குக் கீழே காரமடை, துடியலூர் வழி எந்நேரமும் நெரிசல். அன்னூர், கோவில்பாளையம், காளப்பட்டி வழியாக விமான நிலையம் போவது நிம்மதி.

இன்னொன்று. வழியனுப்ப வெளியூர் உறவினர் மலைக்கு வருவதாக இருந்தால், 2024 மே மாதத்திலிருந்து வெளி மாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் முறை இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

பெங்களூரு, கொச்சி, கோழிக்கோடு போனால் விமானங்கள் அதிகமாமே?

உண்மைதான். ஆனால் பெங்களூருக்கு ஊட்டியிலிருந்து போகிற வழி முதுமலை, பந்திப்பூர் காடுகளுக்குள் போகிறது. இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை அங்கே வண்டிகளுக்குத் தடை. பெரும்பாலான வெளிநாட்டு விமானங்கள் பின்னிரவில்தான் கிளம்பும். அதனால் பகலிலேயே காட்டைத் தாண்டிவிட வேண்டும். தேவனஹள்ளி விமான நிலையம் பெங்களூரு நகரத்துக்கு வடக்கே இருப்பதையும் மறக்காதீர்கள். ஊரைத் தாண்டியே இரண்டு மணி நேரம் போய்விடும். கொச்சி விமான நிலையம் நெடும்பாசேரியில், கோவை, பாலக்காடு, திருச்சூர் தாண்டி. கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு நாடுகாணி இறங்கி நிலம்பூர் வழியாகக் கோழிக்கோடு விமான நிலையம் இருக்கிற கரிப்பூர் போவது கோவையை விட வசதி. கோத்தகிரி, குன்னூர்க்காரர்களுக்கு அது ஒத்துவராது.

திங்கட்கிழமை கிளம்பி திங்கட்கிழமையே போய்ச் சேருவோமா? டிக்கெட்டில் தேதி தப்பா?

தப்பில்லை. டொராண்டோ நேரம் நமக்கு மார்ச் முதல் நவம்பர் வரை ஒன்பதரை மணி நேரம் பின்னால், மற்ற மாதங்களில் பத்தரை மணி நேரம் பின்னால். மார்ச் இரண்டாவது ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே நகர்த்துவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே கொண்டுவருவார்கள்.

ஒரு உதாரணம். ஜூலையில் திங்கள் விடிகாலை 4 மணிக்குக் கோவையில் விமானம் ஏறுகிறீர்கள். மொத்தம் 24 மணி நேரப் பயணம். நம் ஊரில் அப்போது செவ்வாய் விடிகாலை 4 மணி. டொராண்டோவில் இன்னும் திங்கள் மாலை ஆறரைதான்.

திரும்பும்போது இந்த லாபத்தை வட்டியோடு கட்ட வேண்டும். டொராண்டோவில் திங்கள் இரவு 10 மணிக்கு ஏறினால், 23 மணி நேரத்தில் வந்தாலும் கோவையில் இறங்கும்போது புதன் காலை ஆறரை. செவ்வாய்க்கிழமை முழுக்க வானத்திலும் நடுவழி விமான நிலையத்திலுமாகப் போய்விடும். வெள்ளிக்கிழமை ஊரில் ஒரு விசேஷம் என்றால் திங்கட்கிழமைக்குள் கிளம்பிவிட வேண்டும். வியாழக்கிழமை கிளம்பினால் விசேஷம் முடிந்த பிறகுதான் மலை ஏறுவீர்கள்.

வரும்போது மட்டும் நேரம் குறைவாகக் காட்டுகிறதே?

மிக உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் வேகமான காற்றோட்டம் உண்டு. போகும்போது அது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. அபுதாபி–டொராண்டோ மாதிரியான நீண்ட வழியில் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ வித்தியாசம் வரும். குளிர்காலத்தில் இந்தக் காற்று இன்னும் வலுவாக இருக்கும்.

கோவையிலிருந்து ஒரு டிக்கெட், அங்கிருந்து இன்னொரு டிக்கெட் என்று தனித்தனியாக எடுத்தால் விலை குறைகிறது. எடுக்கலாமா?

இளைஞர்கள் எடுக்கலாம். பெரியவர்களுக்கு எடுக்காதீர்கள். ஒரே பிஎன்ஆரில் இருந்தால் முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டாலும் மாற்று விமானம் ஏற்பாடு செய்வது நிறுவனத்தின் பொறுப்பு. பெட்டியும் பெரும்பாலும் கோவையில் போட்டால் டொராண்டோவில் வந்து சேரும். தனித்தனி டிக்கெட்டில் இரண்டுமே உங்கள் தலையில். உள்நாட்டு விமானத்தில் பொதுவாக 15 கிலோதான் அனுமதி. கனடா விமானத்தில் 23 கிலோவாக இரண்டு பெட்டி இருந்தாலும் கோவை–டெல்லிப் பகுதிக்குக் கூடுதல் எடைக்குப் பணம் கட்ட வேண்டிவரும். மிச்சம் பிடித்தது அங்கேயே கரைந்துவிடும்.

நடுவில் காத்திருப்பு மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் பெரியவர்களுக்கு ஓட்டம், எட்டு மணிக்கு மேல் போனால் இடுப்புவலி. நான்கிலிருந்து ஆறு மணி நேரம் நல்லது.

அவ்வளவு உயரத்தில் மூச்சு முட்டாதா? காது அடைக்காதா?

நீலகிரிக்காரர்களுக்கு இதில் ஒரு நல்ல சேதி உண்டு. விமானம் 10,000 மீட்டருக்கு மேல் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தத்தைச் செயற்கையாகக் கூட்டி வைத்திருப்பார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அது சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதற்குச் சமம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். பறக்கிற நேரம் முழுக்க நாம் குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில் எங்கோ உட்கார்ந்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளலாம். சமவெளிக்காரர்கள் சிலருக்குத் தலை பாரமாக, அசதியாக இருப்பது இந்த உயரத்தால்தான். நம் அம்மா அப்பாவுக்கு அது அன்றாடம் பழகிய காற்று. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் அழுத்தம் குன்னூர் அளவிலேயே நிற்கும்.

காது அடைப்பது இறங்கும்போது. மேட்டுப்பாளையம் இறங்கும்போதும் அடைக்கத்தானே செய்கிறது? சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்து இறங்குவதை விமானம் அரை மணிக்குள் முடித்துவிடுகிறது, அதனால் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். எச்சில் விழுங்குங்கள், மிட்டாய் சப்புங்கள், கொட்டாவி விடுங்கள். கைக்குழந்தைக்கு இறங்கும்போது பால் கொடுங்கள். கடுமையான சளி, காதுவலி இருந்தால் மட்டும் டாக்டரைப் பார்க்காமல் ஏற வேண்டாம். இதயநோய், ஆஸ்துமா உள்ளவர்களும் மலையில் பழகியவர்கள் என்பதை வைத்து அலட்சியமாக இருக்கக் கூடாது. கேட்டுவிட்டே போங்கள்.

காற்றின் வறட்சி மட்டும் நம் மலைக்கு நேர் எதிர். உதடு வெடிக்கும், தொண்டை காயும். அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும். பாத்ரூம் போகக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் உட்காரும் அம்மாக்கள் நிறையப் பேர். நடைபாதை ஓரத்து இருக்கையை முன்கூட்டியே எடுத்துக் கொடுங்கள். தோன்றும்போதெல்லாம் எழுந்து போகலாம். கால் அசையாமல் பதினான்கு மணி நேரம் உட்கார்ந்தால் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. அந்த நடையே அதற்கும் மருந்து.

ஆங்கிலம் தெரியாத அம்மா தனியாகப் போகலாமா?

போகலாம், போகிறார்கள். டிக்கெட் எடுக்கும்போதே வீல்சேர் உதவி கேட்டு எழுதிவிடுங்கள். நடக்க முடிந்தாலும் தூரம் நடக்கவோ வழி கண்டுபிடிக்கவோ சிரமப்படுபவர்களுக்கு அது பெரிய கைகொடுப்பு. விமான வாசலிலிருந்து அடுத்த விமான வாசல் வரை ஆள் கூட்டிப்போவார். ஒரு தாளில் பெரிய எழுத்தில் மூன்றே விஷயம் போதும்: போகும் இடத்தின் முகவரி, அழைக்க வருபவரின் தொலைபேசி எண், எத்தனை நாள் தங்குவது. டொராண்டோ இமிக்ரேஷனில் கேட்பதும் பெரும்பாலும் இவைதான். சூப்பர் விசாவில் போகும் பெற்றோர் மருத்துவக் காப்பீட்டுத் தாளையும் கையிலேயே வைத்திருக்க வேண்டும். அந்த விசாவில் ஒரே தடவையில் 5 ஆண்டு வரை தங்கலாம் என்பதால் அதிகாரிகள் காப்பீட்டைப் பார்க்கக் கேட்பதுண்டு.

தேயிலைத்தூள், வர்க்கி, தைலம் கொண்டுபோகலாமா?

தேயிலைத்தூள், வர்க்கி, ஊட்டி சாக்லேட் தாராளமாக. பிரிக்காத பாக்கெட்டாக இருந்தால் நல்லது. நீலகிரித் தைலம் கைப்பையில் என்றால் 100 மில்லிக்கு மேற்படாத சீசா ஒன்று. அது தீப்பற்றும் எண்ணெய், ஊரில் எல்லாருக்கும் என்று பெரிய பாட்டில்களை அடுக்காதீர்கள். மண் ஒட்டிய கிழங்கு, செடி, நாற்று, விதை கூடவே கூடாது. பாட்டி வைத்த டேலியா கிழங்காக இருந்தாலும் கனடாவில் எடுத்துவிடுவார்கள். கொப்பரைத் தேங்காயை இங்கேயே எடுத்து வைத்துவிடுவார்கள். பவர் பேங்க் பெரிய பெட்டிக்குள் போடக் கூடாது, கைப்பையில்தான்.

உணவுப்பொருள் எது இருந்தாலும் கனடாவில் இறங்கியதும் இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் பார்த்துவிட்டு விடுவார்கள், கூடாததை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் அபராதம்.

நாங்கள் ஊட்டிக் குளிர் பார்த்தவர்கள். தனியாக ஸ்வெட்டர் வேண்டுமா?

வேண்டும். ஊட்டிப் பக்கத்துத் தலைக்குந்தாவில் உறைபனி விழும் நாளில்கூட வெயில் ஏறியதும் குளிர் விலகிவிடும். டொராண்டோ ஜனவரியில் பகல் முழுக்கவே பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும் நாட்கள் ஏராளம், சில இரவுகள் மைனஸ் 20 வரை போகும். கம்பளி மட்டும் காற்றைத் தடுக்காது. அழைக்க வருபவர் தடித்த கோட்டு, தொப்பி, கையுறை எடுத்துக்கொண்டு உள்ளேயே வந்து நிற்கட்டும்.

டொராண்டோவில் எந்த முனையம்?

பியர்சன் விமான நிலையத்தில் ஒன்றாவது, மூன்றாவது முனையங்கள்தான் இருக்கின்றன. இரண்டாவதைத் தேட வேண்டாம், அதை இடித்துவிட்டார்கள். எது என்று டிக்கெட்டில் இருக்கும். தமிழர்கள் அதிகம் வாழும் ஸ்கார்பரோ நகரத்தின் கிழக்குப் பக்கம், விமான நிலையம் மேற்குப் பக்கம். மாலை நேரத்தில் இறங்கினால் 401 நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் போகலாம்.

போய்ச் சேர்ந்த பிறகு தூக்கம் எத்தனை நாளில் சரியாகும்?

ஒரு வாரத்திலிருந்து பத்து நாள். இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள், மாலை ஐந்துக்குக் கண்ணைச் சுழற்றும். உடம்புக்குள் இருக்கிற கடிகாரம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் அளவுக்குத்தான் நகரும். காலையில் வெளிச்சத்தில் நடக்க வையுங்கள், மதியம் அரை மணிக்கு மேல் தூங்க விடாதீர்கள். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்கள் புதிய நேரத்துக்கு மாறுவது எப்படி என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

திரும்பி வரும்போது கவனிக்க வேண்டியது?

டெல்லி வழியாக வந்தால் பெட்டிகளை அங்கேயே எடுத்து, கஸ்டம்ஸ் முடித்து, கோவை விமானத்துக்கு மறுபடி போட வேண்டும். நேராக அபுதாபியிலிருந்து வந்தால் எல்லாம் கோவையிலேயே முடியும். புதன் காலையில் இறங்கினாலும் உடனே மலை ஏற அவசரப்பட வேண்டாம். ஒன்றரை நாள் சரியாகத் தூங்காத உடம்பு கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்கும். கோவையில் இட்லி சாப்பிட்டு, இரண்டு மூன்று மணி நேரம் படுத்துவிட்டு ஏறுங்கள். ஓட்டுநர் கட்டாயம் ஊரில் நன்றாகத் தூங்கி எழுந்து வந்தவராக இருக்க வேண்டும். கூடவே விமானத்தில் வந்த மகன் ஓட்டக் கூடாது.